நான் படிக்காமல் வெட்டிய அத்தியாயம்

இந்தக் காகிதக் கட்டிலிருந்து பச்சைத் தேயிலையும் ஈரமும் கலந்த வாசம் அடிக்கிறது. நாற்பது அத்தியாயம். நீயும் நானும் இரண்டு வருடமாக மாறி மாறி எழுதிக் கதைச் செயலியில் ஏற்றிய அதே மாயக்கதை, அச்செடுத்துச் சணல் நூலால் கட்டியிருக்கிறது. கொண்டுவந்தவர் உன் அப்பா. செத்துப்போய்விட்டார் என்று நீ என்னிடம் சொன்ன அப்பா. அவர் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் மாமாவின் மொத்தக் கடையில் மல்லி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார். உன் பெயரைச் சொல்லி, "அவகூட சேர்ந்து எழுதுற ஆளு நீதானே?" என்றார். நான் தலையாட்டினேன். "நான் அவ அப்பா. கடைசியில அவனக் கொன்னுட்டியே தம்பி. அவன் இறங்கி வருவான்னுதானே அவ எழுதியிருந்தா."

அவர் சொன்னது நம் வில்லனை. மலைக்கோட்டையின் வாயிற்காவலன். அவன் ஒருவரின் பெயரை மூடுபனியிடம் சொன்னால் போதும், அன்றே அந்த வீட்டைப் பனி தின்றுவிடும்.

மியூசியம் வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து நீ அவனை உருவாக்கிய நாள் ஞாபகம் இருக்கிறது. "காலையில மகளுக்குத் தலை பின்னிவிடுவான். ரிப்பன் கட்டுவான். அப்புறம்தான் போய்ப் பேரைச் சொல்லுவான்," என்றாய்.

"வில்லனுக்கு எதுக்கு இத்தனை சலுகை?" என்றேன்.

"சலுகை இல்லடா மண்டா. பேயா இருந்தா ஓடிரலாம். ரிப்பன் கட்டுற ஆளுகிட்டேந்து எங்க ஓடுவே?"

அவன் திருந்த வேண்டும் என்று நீ சொன்னபோதுதான் நமக்குள் பெரிய சண்டை. திருந்துகிற வில்லன் என்பது முதலாளிகளுக்கு வசதியான கதை என்றேன். ஏமாந்தவனை உட்காரவைத்து, ஏமாற்றியவனுக்காக அழவைக்கிற வித்தை என்றேன். நீ சிரித்தாய். "திருந்துறதுன்னா அழுறதுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாய். எழுதிக் காட்டுகிறேன் என்றாய்.

நமக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் எழுதியதில் மற்றவர் எதை வேண்டுமானாலும் வெட்டலாம்; ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். எலிக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ அனுப்பிய கடைசி அத்தியாயத்தை நான் முதல் பத்தியோடு நிறுத்தினேன். 'வாயிற்காவலன் மலையிலிருந்து இறங்கினான்' என்று தொடங்கியது. கோபத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, அவனையே பனி தின்பதாக எழுதி ஏற்றினேன். உனக்குக் குணமானதும் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "என் அத்தியாயத்தைப் போட்டியாடா?" என்று போனில் கேட்டாய். உன் குரல் அடையாளமே தெரியவில்லை. "போட்டேன்," என்றேன். மறுநாள் நீ இல்லை.

பிரிந்தபிறகு உன் அப்பாவோடு நீ பேசியதே இல்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்செடுத்துப் பொன்முடி மலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து, தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் அவருக்கு அனுப்பியிருக்கிறாய். அவர் சொல்லித்தான் தெரியும். நாற்பதாவது அத்தியாயத்தின் கீழே உன் கையெழுத்து: 'அடுத்த வாரம் அவன் இறங்கி வருவான்.' அடுத்த வாரம் பஸ்ஸில் ஒன்றும் வரவில்லை. அங்கே தொழிலாளர் லயத்து வீட்டுப் பிள்ளை ஒன்று செல்போனில் காட்ட, நான் எழுதியதைப் படித்திருக்கிறார்.

நீ அனுப்பியதை என் போனில் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி படித்தார். பக்கத்தில் நின்று நானும் முதல்முறையாக முழுவதும் படித்தேன். அழுகை இல்லை. மன்னிப்பும் இல்லை. காவலன் ஏழு வாசலில் போய் நிற்கிறான். "உன் பெயரைச் சொன்னவன் நான்," என்கிறான். ஒருவர்கூட அவனை உள்ளே கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

"ஏழு வீடு. சரியாத்தான் எழுதியிருக்கா," என்றார் உன் அப்பா.

பிறகு சொன்னார். எஸ்டேட்டில் வேலைநிறுத்தம். முன்னால் நிற்பது யார் யார் என்று மேனேஜர் கேட்டார். சூப்பர்வைசராக இருந்த உன் அப்பா ஏழு பேர் சொன்னார். அடுத்த வாரமே ஏழு குடும்பமும் லயத்துக்கு வெளியே. கொட்டுகிற மழை. அதில் ஒருவர் உன் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். உன் அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களோடு இறங்கிவிட்டாள். உனக்கு அப்போது பத்து வயது. பெயர் சொல்லப் போன அன்றைக்கும் உனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் போனாராம்.

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பெயர் கேட்டு வாங்கிய மேனேஜரை நினைத்தால் அதைவிட ஆத்திரம். அவருக்கு எந்த அத்தியாயமும் கிடையாது. ஏதோ ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். இவர் மட்டும் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "ஒத்தைக்குப் போகப் பயமா இருக்கு. கூட வருவியா மோனே?" என்றார்.

நேற்று விதுராவில் உன் அத்தை வீட்டுக்குப் போனோம். அந்த ஏழு பேரில் ஒருவரான உன் மாமா இறந்து நான்கு வருடமாம். அத்தை வாசலுக்கு வந்தாள். அவர் சொல்லிவிட்டார்: "உங்க வீட்டுக்காரர் பேரைச் சொன்னது நான்தான்."

"அறியாம இருந்தேன்னா நினைச்சீரு? பதினேழு வருஷம் வேணுமாக்கும் இதைச் சொல்ல?"

மழை பிடித்துக்கொண்டது. நான் அவர் தலைக்குமேல் குடையை விரித்தேன்.

"தம்பி, குடையை மடக்கு," என்றாள் அத்தை. "அன்னிக்கு எங்களுக்கு யாரும் குடை பிடிக்கல."

மடக்கினேன். அவர் நின்றார். நானும் நின்றேன். அவள் உள்ளே போகவில்லை. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை விட்டபிறகும்.

திரும்பும் பஸ்ஸில், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, "மதியா தம்பி, போதுமா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் ஆறு வீடு இருக்கு," என்றேன்.

போனில் உனக்குச் சொன்ன பொய்யைத் திருத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் படிக்காமல் வெட்டியதை இனி உன் அப்பாவோடு வாசல் வாசலாக நின்றுதான் படித்தாக வேண்டும்.