சிரிக்காமல் எடுத்த படங்கள்

டிசம்பர் 5, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஆபீசுக்குக் குடை எடுக்க மறந்தேன். தெருக்கோடிக் கிடங்குச் சுவர் இன்னும் காயவில்லை. எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித்தூள் வேறு. வெள்ளையடித்த சுவர் அதற்குள் சாம்பல் நிறம்.

சுவரில் தெருவே சேர்ந்து வரையப்போவது முகங்கள். பாதி எங்கள் தெருக்காரர்கள், பாதி பின்னால் லைன் வீடுகளில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்கள். எல்லாம் கலந்து இருக்க வேண்டும், அவர்கள் ஒரு பக்கம் நாம் ஒரு பக்கம் கூடாது. நான் போட்ட ஒரே நிபந்தனை.

சாயங்காலம் எல்லாரையும் போனில் படம் எடுத்தேன். எல்லாரும் நேராகப் பார்க்கணும், சிரிக்கக் கூடாது. பல் வரைவது கஷ்டம். புதிதாக பிரஷ் பிடிப்பவர்கள் கையில் கோரமாகிவிடும். வாய் மூடியிருந்தால் கட்டம் போட்டுப் பெரிதாக்கச் சுலபம்.

இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகும் பசந்திக்கு மட்டும் அடக்க முடியவில்லை. எத்தனை தடவை எடுத்தாலும் உதடு துடித்தது.

"அக்கா, சிரிக்காத சொன்னா சிரிப்பு வருது."

"உன் மாமியார நென்சிக்கடி, தானா மூஞ்சி உம்முனு ஆய்டும்" என்றாள் என் சிநேகிதி மல்லிகா. அதற்கும் சிரிப்பு. கடைசியில் எப்படியோ ஒன்று தேறியது.

படங்களை மல்லிகாவுக்கு அனுப்பியாயிற்று. பிரிண்ட் கடை அவள் வீட்டுக்குப் பக்கம்.

வாங்க: நீல எனாமல். மெல்லிய பிரஷ். தைராய்டு மாத்திரை.

டிசம்பர் 7, ஞாயிறு

நல்ல வெயில். கழுத்து வலி, ஆனால் சந்தோஷம்.

பசந்தியின் முகத்தை மல்லிகா வரைந்தாள், மல்லிகாவின் முகத்தைப் பசந்தி. மதியம் வரை மாறி மாறிப் பார்த்துக்கொண்டே. "இன்னாடி என் மூக்க இப்டி வெச்சிகீற, பஜ்ஜி மாரி?" பசந்தி சுவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அப்படித்தான் இருக்கு." தெருவே சிரித்தது.

மல்லிகா வீட்டிலிருந்து சங்கரா மீன் குழம்பு. எல்லாருக்கும் அவளே பரிமாறினாள். ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்த நாளிலிருந்து தெரியும் இவளை. இவள் வந்து நின்றதால்தான் தெரு வந்தது. நான் கூப்பிட்டு யார் வருவார்கள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் சுவர் திறப்பு விழா.

டிசம்பர் 10, புதன்

தெருக் குழாய் மோட்டாரைக் காணோம். காலையில் தண்ணீர் இல்லை. குளிக்காமல் ஆபீஸ்.

பஸ்ஸில் போனைத் திறந்தேன். தெரு வாட்ஸாப் குரூப். நான் எடுத்த படங்கள். ஒடிசாக்காரர்களுடையது மட்டும், தனியாகப் பிரித்து, வரிசையாக. கீழே மல்லிகாவின் குரல்: "மோட்டார காணோம். நம்ப தெருவுல கீற வடக்கத்தியாளுங்க மூஞ்சி இதான். அல்லாரும் பாத்து வெச்சிக்கோங்க."

யாருமே சிரிக்கவில்லை அந்தப் படங்களில். நேராகப் பார்க்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் பலகையில் ஒட்டுவது போல.

டிசம்பர் 11, வியாழன்

தூக்கமில்லை. மல்லிகா வீட்டுக்குப் போனேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"திருட்டுன்னா சொன்னேன்? பாத்து வெச்சிக்கோங்கன்னேன். செவுத்துல எதுக்கு வரையிறோம்? நாலு பேரு பாக்கத்தான?"

"பசந்தி முகத்த நீதானடி வரைஞ்ச."

"வரைஞ்சேன். நல்ல பொண்ணுதான். அதுக்குன்னு? தண்ணி இல்லாம தெரு நாறிகினு கீது, நீ செவுத்தப் பத்திப் பேச வந்துட்ட."

கத்திவிட்டேன். என் வாழ்நாளில் அந்த வீட்டில் கத்தியதில்லை. படங்களை அழித்தாள். அதற்குள் எல்லாரும் பார்த்தாயிற்று, போனில் ஏற்றியாயிற்று.

வீட்டுக்கு வந்தால் இவர் சொல்கிறார், உனக்கு எதற்கு ஊர் வம்பு.

டிசம்பர் 12, வெள்ளி

மோட்டார் கிடைத்தது. காணாமலே போகவில்லை. தண்ணீர் திறந்துவிடுபவர் யாரிடமும் சொல்லாமல் எரிந்துபோன காயிலை மாற்றிக் கட்டக் கடையில் கொடுத்திருக்கிறார். குரூப்பில் ஒரு கட்டைவிரல், ஒரு கும்பிடு. அவ்வளவுதான்.

மல்லிகாவிடம் கேட்டேன், ஒரு வார்த்தை போடேன். "முடிஞ்சு போச்சி. அதப் போய் இன்னான்னு போடறது."

லைன் வீட்டு ஓனர் ஞாயிற்றுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். நேரில் போய்க் கெஞ்சினேன். "மோட்டார் கெடைச்சது எனக்கும் தெரியும்மா. ஆனா தெருவுல ஒரு தபா பேச்சு வந்துட்சி. எனக்கு எதுக்கு பேஜாரு?"

டிசம்பர் 13, சனி

பசந்தி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அத்திப்பட்டில் யாரோ இடம் சொல்லியிருக்கிறார்களாம். அங்கிருந்து இறால் கம்பெனி தூரம். வேலை நிற்குமா தெரியாது.

"படம் நீ எடுத்ததுதானே அக்கா?"

"ஆமாம்."

மல்லிகாவின் பெயர் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. பசந்தி பாத்திரங்களைத் துணியில் முடிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அதுக்குத்தான் சிரிக்காத சொன்னியா?"

பல் வரைவது கஷ்டம் என்று சொன்னேன். எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

மேகமூட்டம். விடிந்ததும் சுவருக்குப் போனேன். லைன் வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அவர்கள் முகங்கள் எல்லாவற்றின் மீதும் வெள்ளை. மிச்சமிருந்த எங்கள் பெயிண்ட்தான். பொறுமையாக அடித்திருக்கிறார்கள். எங்கள் முகங்கள் மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. பஜ்ஜி மூக்கோடு மல்லிகா அப்படியே இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவின் வாய்ஸ் மெசேஜ். "பாத்தியா சுதா, நல்லா இருந்த செவுத்த இன்னா பண்ணிட்டுப் போய்கீறாளுங்க. சாயங்காலம் ஆளுங்க வராங்க. நீ கத்துனியேன்னு நான் அழிச்சிட்டேன், உன் போன்ல அந்தப் படம் கீதுல்ல? அனுப்பு. மறுபடி வரைஞ்சிடலாம்."

இருந்தன. பசந்தி சிரித்துக் கெட்டுப்போன படங்களும். ஒவ்வொன்றாக அழித்தேன். சிரித்ததையும்.

"இல்லை" என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள்.