உப்புக் கரிக்கும் நெற்றி

மார்ச் 9, காலை 7.10. நீ அனுப்பிய குரல்பதிவை ஐந்து முறை கேட்டுவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நம் பாப்பாவுக்கு இளைப்பு குறைந்ததா?

நுரையீரலில் சளி கட்டும் பிறவி நோயா என்று பார்த்த வியர்வைச் சோதனையில் உப்பு கூடுதலாம். நான் நம்பவில்லை. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. எல்லாக் கருவியும் ஒருநாள் பொய் சொல்லும். ஆனால் பாப்பாவின் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்றாயே, அதுதான் உறுத்துகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இங்கே என் அறைத்தோழனின் நெற்றியை நக்கினேன். “டேய், உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா!” என்று அலறினான். அவனும் உப்புதான்.

பாப்பாவின் இருமலைப் பதிவுசெய்து அனுப்பு. சிரித்தாலும் அனுப்பு.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி நான் செய்யப்போவது:

1. கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று ஆய்வகத்தைக் கேட்பேன்.
2. மறுசோதனைக்கு விடுப்பு எடுத்து வருவேன்.
3. பாப்பாவின் நெற்றியில் சோதித்துப் பார்க்க ஒரு முத்தம் கொடுப்பேன். பிறகு சும்மா ஒன்று.