வீடு முடியும் வயசு

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், நடக்கிறோம், வேலைக்குப் போகிறோம், அந்த அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொன்னேன். சளி இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் அழுவாய், நீ அழுதால் நான் மீதியை முழுங்கிவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

அடுத்த மாதம் அப்பாவுக்கு அறுபது முடிகிறது, வேலையிலிருந்து ஓய்வு, அது உனக்குத் தெரியும். வீட்டுக் கடனும் அதே மாதம் முடிகிறது என்றுதான் நாங்கள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தோம். நாற்பது வயதில் வாங்கின கடன், இருபது வருஷம், கூட்டிப் பார்க்கக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, தான் லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிற கட்டிடம் ஒன்று விடாமல் வாட்ச்மேன், பால்காரர், மாடியில் துணி காயப்போட வரும் பெண்கள் எல்லாரிடமும், நான் ஓய்வு வாங்குற அன்னைக்கு என் வீடும் விடுதலை வாங்குது என்று சொல்லி வைத்திருக்கிறார். கடைசித் தவணைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வரலாம், பத்திரம் எப்போது கையில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனார். உன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். வழியில் ஸ்வீட் பாக்ஸ் வேறு. நானும் என்னவோ பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

பேங்க்கில் கடன் பிரிவில் ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், கண்ணாடி போட்டிருந்தாள். உட்கார வைத்துக் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு சார் என்றாள். அப்பா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், வேறு யாரோ கணக்கைப் பார்க்கிறீங்கம்மா, நல்லாப் பாருங்க என்றார். அவள் அப்பா பேரைப் படித்தாள், கதவு எண்ணைப் படித்தாள், என் பேரையும் படித்தாள். உங்களுக்கு எழுபத்துமூணு ஆகும்போது முடியும் சார் என்றாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அது எப்படி என்று கேட்டேன், என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். வட்டி ஏறும்போதெல்லாம் மாதம் கட்டும் தொகையை ஏற்றாமல் அப்படியே வைத்துவிட்டு, பின்னால் வருஷங்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். நாம் கட்டினதில் பெரும்பங்கு வட்டிக்கே போய்விட்டது, அசல் கரையவே இல்லை. போனுக்குத் தகவல் அனுப்பியிருக்கோமே சார் என்றாள். வந்திருக்கும் அம்மாடி. பேங்க்கிலிருந்து வருவதெல்லாம் புதுக் கார்டு வாங்கு, புதுக் கடன் வாங்கு என்பதுதானே என்று அப்பா ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. மாதாமாதம் அதே தொகைதானே போகிறது, அப்புறம் என்ன என்று நானும் இருந்துவிட்டேன்.

எழுபத்துமூணு வயசுல எவன் என்னை லிஃப்ட் மேல ஏத்துவான் என்று அப்பா அவளையே கேட்டார். பாவம் அவள் என்ன சொல்லுவாள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, இப்ப நிறையப் பேருக்கு அப்படித்தான் சார், நேத்து எழுபத்தாறு வயசுக்காரர் ஒருத்தரை வீட்டு ஆளுங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து கட்டிட்டுப் போனாங்க என்றாள். அப்புறம் அப்பா ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டார், நடுவுல எனக்கு ஏதாவது ஆயிட்டா என்று. இன்ஷூரன்ஸ் இருக்கு சார், மொத்தமும் அடைபட்டுடும், மேடத்துக்கு ஒரு கஷ்டமும் வராது என்றாள் அந்தப் பெண். அதை அவள் நல்ல செய்தி சொல்லும் குரலில் சொன்னாள். எழுந்து வரும்போது அப்பா ஸ்வீட் பாக்ஸை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார், எதுக்கு சார் என்று கேட்டாள், சும்மா வச்சுக்கோம்மா என்றார். கீழே இறங்க லிஃப்டுக்குள் போய் நின்றோம். எந்த லிஃப்டில் ஏறினாலும் காதைச் சாய்த்து இது தேய்ஞ்சிருக்கு, அது ஆயில் கேக்குது என்று சொல்கிற மனுஷன், பட்டனை அழுத்தவே மறந்து நின்றார். எனக்கும் தோன்றவில்லை. கதவு மூடின பெட்டிக்குள் இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டே இருந்தோம். வேறு யாரோ வந்து கதவைத் திறந்த பிறகுதான் இன்னும் மூன்றாவது மாடியிலேயே இருக்கிறோம் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறேனா, பிரஷர் மாத்திரைக்கு யார் வந்தாலும், வீடு சொந்தமா, கடன் முடிஞ்சுதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். முதலாளி ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது வாலு. முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, மேல் மாடி கட்டி பால்கனியில் கண்ணாடி பதித்தவர், அவரைப் பார்த்து நாம் எத்தனை தடவை பெருமூச்சு விட்டிருக்கிறோம், அவருக்கு அறுபத்தெட்டு, இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதாம். ஓய்வு வாங்கின தலைமையாசிரியை அக்காவுக்கு எழுபத்தொன்று. மகன் படிப்புக்கு வீட்டின் மேல் மறுபடி கடன் வாங்கினாராம், பென்ஷன் வந்த அன்றே பாதி போய்விடுகிறதாம். யார்கிட்டயும் மூச்சு விட்டதில்ல, நீ கேட்டதால சொல்றேன் என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார் பார், இருமல் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இத்தனை வருஷமும் ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம், யார் வீடும் யாருக்கும் சொந்தமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது எதிர்வீட்டு டிரைவர் சம்சாரம் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் டூரிஸ்ட் பஸ் ஓட்டினவர், நீ காலேஜில் இருந்தபோது மாரடைப்பில் போனவர். பேச்சு வாக்கில் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டேன், என் வாயை என்ன சொல்ல. அவள் குழாயை மூடினாள். எங்க வீடு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு அக்கா, அவருக்கு ஐம்பத்தொண்ணு, அவர் போன அடுத்த மாசமே இன்ஷூரன்ஸ்காரங்க மொத்தமும் கட்டி முடிச்சிட்டாங்க, பத்திரத்தை வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தாங்க, இந்தத் தெருவுல வீடு முடிஞ்சவ நான் ஒருத்திதான் என்றாள். சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

பேங்க்கில் அப்பா மெதுவாகக் கேட்ட அந்தக் கேள்வி காதில் வந்து நின்றது. உடனே போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அரை நாள் வேலைதான், மத்தியானமே வந்திருக்க வேண்டிய ஆள். ஆட்டோ பிடித்து அவர் வேலை பார்க்கிற அந்த உயரக் கட்டிடத்துக்கு ஓடினேன். வாட்ச்மேன், சார் காலையில ஏறினவர் இன்னும் இறங்கலம்மா என்றார். லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் முட்டி இருக்கிற லட்சணத்தில் அத்தனை மாடியும் படியில் ஏறினேன், ஒவ்வொரு மாடியிலும் இருக்கிற இரும்புக் கதவைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளம்தான் ஞாபகம் வந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. உன்னைக்கூடக் கூப்பிட்டேன்.

மொட்டை மாடிக்கு மேலே மோட்டார் ரூம். அங்கே உன் அப்பா ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இரும்புக் கயிற்றில் இருக்கிற கிரீஸை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். போன் கீழே பையில் இருக்கிறதாம். இந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓய்வு வாங்கினால் அடுத்து வருகிறவன் திட்டுவான், அதனால் முடித்துவிட்டு வரலாம் என்று இருந்தாராம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கையில் இருந்த பையாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினேன். உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு என்று கத்தினார். இன்ஷூரன்ஸ் என்று ஒரு வார்த்தைதான் என் வாயிலிருந்து வந்தது, அதற்குமேல் மூச்சு வாங்கியது. முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. துணியை மடித்துக்கொண்டே, அந்தப் பொண்ணு சொன்னப்ப ஒரு நிமிஷம் எனக்கும் அப்படித் தோணுச்சு, ஒரே ஒரு நிமிஷம்தான், நான் இருந்தா கடன், போனா வீடுன்னு, அவ்வளவுதான், அப்பவே தள்ளிட்டேன் என்றார். சத்தியமாச் சொல்றேன் தள்ளிட்டேன் என்று இரண்டாவது தடவையும் சொன்னார். அவரோடு முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவள், நான் அந்த மாதிரி அதிர்ந்து நின்றதே இல்லை வாலு. பேங்க்கில் வந்தது ஒரு அதிர்ச்சியே இல்லை, இதுதான் அதிர்ச்சி. ஒரு நிமிஷம் என்றாலும் அந்த மனசுக்குள் செங்கல்லும் சிமெண்டும் அவருக்கு எதிரே உட்கார்ந்து விலை பேசியிருக்கிறதே. கிரீஸ் கையோடு இருந்தவரை அப்படியே பிடித்துக்கொண்டேன், புடவை பாழாய்ப் போனது.

அங்கேயே, அந்த மோட்டார் ரூமிலேயே சொல்லிவிட்டேன், வித்துடலாம் என்று. ஒவ்வொரு டைல்ஸையும் தானே தட்டிப் பார்த்துப் பதித்த மனுஷன், சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பொண்ணு வந்தா எங்க வந்து இறங்குவா என்று மட்டும் கேட்டார். நாம எங்க இருக்கோமோ அங்க இறங்குவா என்றேன். நான் சொன்னது சரிதானே? உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்த மாடி அறையில் நீ கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்த படங்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கிறேன்.

புரோக்கரிடம் சொன்ன கொஞ்ச நாளிலேயே ஆள் வந்துவிட்டது. அச்சகத்தில் வேலை பார்க்கிற பையன், பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். விலை பேசி முடித்தாயிற்று. பேங்க்குக்குப் போக வேண்டியது போக மிச்சத்தில், மருந்துக்கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு படுக்கையறை வீடு, பழசுதான், மொத்தமாகக் கொடுத்து வாங்குகிறோம். ஒரு பைசா கடன் கிடையாது. ஆனால் அந்தப் பையன் வீடு பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். எதுக்கு சார் விக்கிறீங்க என்று கேட்டான், அப்பா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். உங்களுக்கு எந்த வயசுல முடியும் தம்பி என்று கேட்டார். முப்பது வருஷம் சார், அறுபத்தாறுல முடியும், அதுக்கு எவ்வளவோ காலம் இருக்கே என்றான், அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பா அவனையே பார்த்தார். அந்தப் பெண் சமையலறை ஜன்னலைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், காற்று நல்லா வருதுங்க என்று அவனைக் கூப்பிட்டாள். நாம் விடுபடுகிறோமே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை, கழற்றின சுமையை இன்னொரு பிள்ளை தலையில் ஏற்றுகிறோமே என்று அன்றைக்கு எனக்குச் சாதம் இறங்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. நான் எழுதுவதற்குக் காரணம் நீ போன வாரம் அனுப்பின போட்டோ. வெள்ளைக் கதவு, முன்னால் சின்னதாய்ப் புல், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நின்று சிரிக்கிற படம். மாதக் கடைசியில் கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய், முப்பத்தைந்து வருஷக் கடன் என்று எழுதியிருக்கிறாய். வீடு அழகாக இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. வாங்காதே என்று சொல்ல நான் யார். வட்டி ஏறினால் தொகை ஏறுமா, வருஷம் ஏறுமா என்று கேள், ஒரு தடவைக்கு நாலு தடவை கேள், வெட்கப்படாதே. கையில் கொஞ்சம் மிச்சம் வரும்போதெல்லாம் அசலில் கட்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போய் இன்னும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வா. நாங்கள் ஒரு தடவையும் கேட்கவில்லை.

நேற்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கூட்டிப் பார்த்தேன். உனக்கு இப்போது முப்பத்துநாலு. அந்த வீடு முடியும்போது உனக்கு அறுபத்தொன்பது. என் வாலுக்கு அறுபத்தொன்பது வயசு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முடி நரைத்து, கண்ணாடி போட்டு, படியில் கையூன்றி இறங்குகிற உன்னை நினைத்துப் பார்க்க முயற்சி செய்தேன், முகமே வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அந்த முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. உனக்கு வீடு முடிகிற அன்றைக்குப் போன் போட்டுச் சொல்ல நானும் இருக்க மாட்டேன், அப்பாவும் இருக்க மாட்டார். அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன், அந்த நாள் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் ரொம்பச் சந்தோஷப்பட்டோம் என்று வைத்துக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாய், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடப் போவதற்கு முன்னால் எந்த நேரமானாலும் ஒரு போன் போடு, அப்பாவிடம் பேசு. கடனைப் பற்றிப் பேசாதே, சும்மா பேசு.

எப்போதும் உன் நினைவில்,
உன் அம்மா