சொனாட்டா நிற்கும் இடங்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் படி.

நீ அனுப்பிய பியானோ சொனாட்டாவின் இசைத்தாள் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாட்டு, யாருக்கும் அதிகம் தெரியாது, படுத்து எழுந்த அம்மாவின் கைக்குச் சுமையில்லாதது என்று எழுதியிருந்தாய். கைக்குச் சுமையில்லைதான். என் நெஞ்சுக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பாட்டுக்கு என்ன குணமம்மா அது! சிரித்துப் பேசிக்கொண்டே வரும், சட்டென்று வாயை மூடிக்கொள்ளும், பிறகு வேறு எதற்கோ கோபித்துக்கொண்டு ஆரம்பிக்கும். உன் சின்ன அத்தையேதான்.

அம்மா அன்று மயங்கி விழுந்ததிலிருந்து, வீட்டில் சத்தம் நின்றால் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. முதலில் பாட்டு நிற்கும்போதெல்லாம் கரண்டியும் கையுமாக ஓடினேன். "ஏங்க, அது தாள்லயே இருக்கிற நிறுத்தம். போய் அடுப்பைப் பாருங்க" என்று விரட்டுவாள். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். அப்புறம் நானும் பழகிக்கொண்டேன். நின்றால் காத்திருப்பேன், தானாகத் தொடரும்.

செவ்வாய்க்கிழமையும் நின்றது. நான் பெரிய கெட்டிக்காரனாட்டம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லா வெங்காயமும் தீர்ந்த பிறகுதான் உறைத்தது. அம்மா விழவில்லை, பயப்படாதே. விரல்கள் கட்டைகள் மேல் அப்படியே இருந்தன. "அடுத்தது என்னன்னு தெரியலைங்க. தாளைப் பாக்கறேன், ஒண்ணுமே புரியலை" என்று அழுதாள். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள்! கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. தலையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

உன்னிடம் போனில் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

வேறு பாட்டு வாசியேன் என்றால் எரிந்து விழுகிறாள். மகள் அனுப்பியதாம். இப்போதும் அடுத்த அறையில் அதைத்தான் வாசிக்கிறாள். நான் பேனாவும் கையுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறதம்மா. எந்த நிறுத்தம் பாட்டுடையது, எந்த நிறுத்தம் அவளுடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தாள் படிக்கத் தெரிந்தவள் நீதான். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா. நான் கூப்பிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பாட்டு நின்றிருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

உன்
அப்பா