கால் கனத்த காரணம்

செவ்வாய்க்கிழமை, இரவு பத்தரை.

இன்னும் கோபம் ஆறவில்லை. நுரையீரல் நோய் முற்றிய இந்த இரண்டு வருடமாக, நாலு அடி நடந்தாலே என் கால்கள் கல்லாய்க் கனக்கின்றன. மகன் கார்த்திக் என் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு? சும்மா சாக்கு சொல்லாதம்மா" என்பான். போன வாரம் எங்கள் வீட்டருகே உள்ள மகர்பட்டா பூங்காவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னாலேயே சொன்னான்.

இன்று ஆஸ்பத்திரியில் என் தொடையில், தசைக்கு வரும் ரத்தத்தை அளக்கும் ஒரு பட்டையைக் கட்டி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பயிற்சி தரும் பெண் திரையைக் காட்டி இந்தியில் விளக்கினாள். மூச்சு இழுக்கவே என் நெஞ்சுத் தசைகள் படாத பாடு படுகின்றனவாம். ரத்தத்தில் பெரும்பங்கை அவை எடுத்துக்கொள்வதால் காலுக்குப் போதவில்லையாம். நின்று நின்று நடந்தால் கால் தேறும் என்றாள்.

காரில் ஏறியதும், கூடவே இருந்து கேட்ட கார்த்திக், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தினமும் சொன்னேன்டா. மெஷின் சொன்னாத்தான் உனக்குக் காது கேக்குமா?" என்று கத்திவிட்டேன்.

சாப்பிட்டபின் என் அறைக்கு வந்து, "நாளைக்கு நானும் கூட நடக்க வரேன்" என்றான்.

"வா. ஆனா நான் நிக்கற எடத்துல நீயும் நிக்கணும்" என்றேன்.