படகு கனத்தில் ஒரு கவசம்

ஏய் தாழங்குடா, நியூஸ் தெரியுமா, நம்ம ஆமைக்காரி கவசத்தைச் சென்னையில பெரிய மேடைக்குக் கூப்பிட்டுட்டாங்கடீ!

இதை முதலில் உன் இன்பாக்ஸில்தான் டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது விரல் நின்றுவிட்டது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது என்பது மூளைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே, நம் ரசிகர் குழுவில், எல்லாரும் படிக்கும்படி உனக்கு எழுதுகிறேன்.

அழைப்பு வந்த மறுநாளே உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடும் கொட்டகையில், சாக்குச் சுற்றிய கவசம் மூலையில் நின்றிருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் அந்த ரெசின் பசையின் வாடை. நெயில் பாலிஷ் கடையே கவிழ்ந்த மாதிரி ஒரு நெடி. முதல் தடவை அதை முகர்ந்து நான் வாந்தி வருகிறது என்றபோது நீ சிரித்தது ஞாபகம் வந்தது. இந்த முறை மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. இழுத்து இழுத்து முகர்ந்தேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தொடரின் நாயகி தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றிப் போகும் ஓடக்காரி. முதுகில் ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம். யாரையும் அடிக்க மாட்டாள். அம்பு வந்தால் திரும்பி நின்று முதுகைக் கொடுப்பாள், அவ்வளவுதான். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ஆமைக்காரி.

நம் நட்பு ஆரம்பித்ததே சண்டையில்தானே? "இவ ஒரு பயந்தாங்கொள்ளி, ஒரு அடிகூட திருப்பி அடிக்கல" என்று நான் கமெண்ட் போட்டேன். "படகு ஓட்டுறவ எதுக்குடீ அடிக்கணும்? ஆளைக் கரை சேத்தா போதாதா?" என்று நீ வந்து விழுந்தாய். வாரக்கணக்கில் அடித்துக்கொண்டோம். ஒரு நாள் சண்டை உச்சத்தில் இருக்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இரு, கரண்டு போயிடுச்சு" என்று எழுதினோம். பிறகு நீ கேட்டாய், "ஏய், நீ எந்த ஊரு?"

நான் செம்மண்டலம். நீ தாழங்குடா. உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும் தொடருக்கு, பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் ஒரு எதிரி. அன்றிலிருந்து ஊர்ப் பெயரே நமக்குப் பெயராகிவிட்டது.

சிதம்பரத்தில் ரசிகர்கள் கூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கவசம் செய்ய முடிவெடுத்தோம். நான் போட்டுக்கொள்வது, நீ பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவது. நம் கூட்டங்களில் அது வழக்கம்தான். வேஷம் கட்டுபவள் பின்னால் ஒருத்தி ஊக்கு, பசை, நூல், ஊசி எல்லாம் வைத்த பையோடு நிற்பாள். அந்த இடம் உனக்கு என்று நீயே சொல்லிவிட்டாய். "நீதான் ஒல்லி. நா போட்டா ஆமைக்காரி இல்லடீ, ஆமையேதான்" என்றாய். நானும் சிரித்தேன்.

வீடியோ பார்த்து ஃபோம் ஷீட்டில் செய்யலாம் என்றேன். உனக்குப் பிடிக்கவில்லை. கொட்டகையில் மிச்சம் கிடந்த ஃபைபரும் ரெசினும் வைத்து நீயே போட்டு முடித்தாய். கோச்சிங் கிளாஸ் முடிந்து நான் வந்து பார்த்தபோது கவசம் பளபளவென்று இருந்தது. மாட்டிக்கொண்டேன். ஒரு நொடி நின்றேன். அப்படியே பின்னால் சாய்ந்து மல்லாக்க விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கை கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை லேயர்டீ போட்ட?"

"படகுக்குப் போடுற அளவுதான். கொறச்சா அலைக்கு நிக்காது."

"மேடையில ஏதுடீ அலை?"

நீ வாயில் கையை வைத்தாய். அதுவரை அந்த யோசனையே உனக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்து உன் வீட்டில் ஃபைபர் என்றால் படகு, படகு என்றால் இந்தக் கனம். மறுநாள் காலை ரயில். வேறு வழியில்லை. அந்தக் கனத்தைத் தூக்கி நிற்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். நீ அழுதுகொண்டே மாட்டிக்கொண்டாய். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

பாசஞ்சர் ரயிலில் கதவோரம் கவசத்தை நிறுத்திவிட்டு நின்றோம். பரங்கிப்பேட்டையில் ஏறிய மீன்காரம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணித் தொட்டியா? ஜாஸ்தி தண்ணி புடிக்காது போலருக்கே" என்றார். நீ முகத்தை ஷாலில் மூடிக்கொண்டாய். "செம்மண்டலம், அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடலாம்டீ" என்றாய். அடுத்த ஸ்டேஷனில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் எல்லாரும் வாளைச் சுழற்றினார்கள், குதித்தார்கள், வசனம் பேசினார்கள். நீ நடந்து வந்தாய். நடுவில் நின்றாய். திரைச்சீலைக்கு முதுகைக் கொடுத்து எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்தாய். அவ்வளவுதான். உன் பின்னால் திரைச்சீலை மட்டும்தான் இருந்தது, ஆனால் அங்கிருந்து ஏதோ வரப்போகிறது, நீ எங்களையெல்லாம் மறைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் கூரை பிய்ந்து போகிற மாதிரி ஒரு கத்தல். ஓரத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நானும்தான் கத்தினேன். நீ பயந்தாங்கொள்ளி இல்லை, அவளும் இல்லை, நான் தோற்றுவிட்டேன் என்று கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது.

திரும்பும்போது ரயிலில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாய்: "இன்னைக்கு ஒருத்தரும் என்னைக் கொஞ்சம் ஓரமா நில்லுன்னு சொல்லலடீ."

அதுவரை உன் ப்ரொஃபைலில் கடல் படம்தான் இருக்கும். அன்று ராத்திரி அந்தப் படத்துக்குப் பதில் நீ வந்தாய். இன்றைக்கும் அங்கே நீதான் இருக்கிறாய், கையை விரித்துக்கொண்டு.

பேங்க் பரீட்சை விஷயத்தில் அப்பாவோடு நான் மல்லுக்கட்டியபோதும் நீதான் வழி சொன்னாய். "எழுது. பாஸ் பண்ணு. அப்புறம் வேணாம்னு சொல்லு. எழுதாமயே வேணாம்னா பயந்துட்டன்னு நெனப்பாங்க." அப்படியே செய்தேன். இப்போது பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில், கடைகளுக்கு வைக்கும் பெரிய பொம்மைகள் செய்கிறேன். "பாஸ் பண்ணிட்டு வேணாங்கறியே, எவ சொல்லிக்குடுத்தா உனக்கு?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த வேலை கிடைத்ததை உன்னிடம் சொல்வதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பிய கடைசி மெசேஜில் ஒரு ஆமைப் படம் மட்டும் இருந்தது.

சரி, இப்போது விழா நடத்தும் சென்னைக்காரர்கள் சொல்கிறார்கள், கவசத்தைச் சும்மா நிறுத்த முடியாது, யாராவது போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். எனக்கு வேலை தெரியும் இப்போது. பக்கவாட்டில் வெட்டி, உள்ளே தேய்த்து இரண்டு லேயர் எடுத்துவிட்டால் எனக்குச் சரியாக வந்துவிடும். அதற்காகத்தான் அன்று உங்கள் வீட்டுக்குப் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷினையும் எடுத்துப் போனேன். பென்சிலால் கோடு போட்டேன். பிளக்கைச் சொருகினேன்.

உன் அம்மா டீயோடு வந்து நின்றார். "என்ன பாப்பா பண்ற?"

"எனக்குப் பெருசா இருக்கும்மா. கொஞ்சம் சின்னதாக்கறேன்."

அம்மா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் வெட்டுற? ஒலகத்துல இவ ஒருத்திதான் குண்டா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்புறம் டீ டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கவசத்தின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எச்சில் தொட்டுக் கோட்டை அழித்தேன்.

அதனால், குழுவில் இருக்கும் எல்லாரும் கேளுங்கள். குரூப் போட்டோவில் எப்போதும் பின்வரிசைக்கு அனுப்பப்படுகிறவளா நீங்கள்? மற்றவர்கள் வேஷம் கட்டும்போது போட்டோ மட்டும் எடுக்கிறவளா? உங்கள் சைஸுக்கு நாயகி இல்லை என்று யாராவது சிரித்திருக்கிறார்களா? இவளுக்கு உங்கள் சைஸ்தான். கனம் தாங்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கீழே ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருத்தி இருந்தால் அவளுக்கு இதை அனுப்புங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தாழங்குடாவுக்கு வந்து போட்டுப் பாருங்கள், அம்மா டீ தருவார்.

கவசத்தின் வார் அறுந்தால் பயப்பட வேண்டாம். ஊக்கு, பசை, நூல், ஊசி எல்லாம் இருக்கிறது. அந்தப் பை இப்போது என்னிடம்தான். மேடை வரைக்கும் உங்கள் பின்னால் தூக்கிக்கொண்டு வருகிறேன்.