தரைக்கு வந்த முல்லை

ஆவணி, செவ்வாய். ராத்திரி.

இன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் அவர் என் முல்லைத் தொட்டியை உடைச்சு, செடியைச் சுவரோரமா குழி வெட்டி நட்டுட்டார். கல்யாணம் ஆனதிலேருந்து அதைத் தொட்டியிலதான் வச்சிருந்தேன். திருச்சிக்குத் திரும்பிப் போறப்ப தூக்கிட்டுப் போகலாம்னு. ரெட்டிபாளையம் ஃபேக்டரியில கொஞ்ச நாள்தான்னு சொல்லித்தான் என் டீச்சர் வேலையை விடச் சொன்னார்.

"வேரு சுத்திக்கிட்டுத் திணறுது, பாவம். இனிமே நல்லாப் படரும்"ன்னார்.

"அப்ப திருச்சி?"

மண்ணை மிதிச்சுக்கிட்டே சொன்னார். "மாத்தல் வந்துச்சு. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். கம்பெனி வூடு இருக்கு. உனக்கு இங்க என்ன குறை?"

என்னை ஒரு வார்த்தை கேக்கல.

பக்கத்து வூட்டு அக்கா எட்டிப் பாத்து, "குடுத்து வச்சவ நீ. எங்க வூட்டுக்காரர் ஒரு கீரை விதை கூடப் போட்டதில்ல"ன்னாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

தண்ணி ஊத்தச் சொன்னார். ஊத்தாம விட்டுடலாமான்னு தோணுச்சு. செடி என்ன பண்ணும்? ஊத்தினேன்.

திருச்சியில பழைய ஸ்கூல்ல எனக்காக இடம் வச்சிருக்காங்க. நாளைக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லணும். ஏன்னு கேப்பாங்க.

அவர் நல்லாத் தூங்குறார்.